வாய் வைக்காத பிள்ளை

வராது, வராது, வராது. பால் எடுக்கிற இந்த மிஷின் இப்படித்தான் பேசும். நல்ல நாள்ல தா தா, தா தான்னு கெஞ்சும். என் மனசு சரியில்லன்னா அதுக்கு எப்படித்தான் தெரியுமோ, வராது வராதுன்னு ஆரம்பிச்சிடும். போடி, நீயும் உன் மோட்டாரும். இந்தத் தண்ணி தீம் பார்க்ல உக்கார ஒரு இடம் கிடைச்சதே பெரிய விஷயம். வெளிய கதவுல பெருசா 'தாய்மார்கள் பாலூட்டும் அறை'ன்னு எழுதி, புடவை கட்டின ஒரு அம்மா பிள்ளையைப் பாத்துச் சிரிக்கிற படம் வேற போட்டிருக்காங்க. உள்ள வந்து பாத்தா தண்ணியில மிதக்க விடுற டயர், மஞ்சளும் நீலமுமா, கூரை வரைக்கும். நடுவுல ஒரு பிளாஸ்டிக் சேர். கதவுல தாழ்ப்பாள் இருக்கு, அது போய் மாட்டுற ஓட்டைதான் இல்ல. அதனால வலது காலை நீட்டிக் கதவை மிதிச்சுக்கிட்டு, மடியில மிஷினை வச்சுக்கிட்டு, துப்பட்டா நுனியைப் பல்லுல கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். இந்தக் கோலத்தை யாரும் பாக்க வேண்டாம் சாமி. ஆனா ஃபேன் ஓடுது. ஓடுதே, அதுக்கே ஒரு கும்பிடு. டயர் எல்லாம் சூடேறி ரப்பர் வாடை, அதோட குளோரின் வாடை, என் சுடிதார்ல காலையில இருந்தே புளிச்ச பால் வாடை. வெளிய அலை வரப்போகுதுன்னு சங்கு ஊதுறாங்க, உடனே ஊரே திரண்ட மாதிரி ஒரு கத்தல். அந்தக் கத்தல்ல ஒண்ணு பிள்ளை அழுற சத்தமா கேக்குது. காதைத் தீட்டினா இல்ல. மறுபடி கேக்குது. பாட்டிலைத் தூக்கிப் பாத்தேன், அடியில ஈரம் மட்டும் இருக்கு.

மனசு இளகினாத்தான் பால் இறங்கும், பிள்ளை போட்டோவைப் பாத்துக்கிட்டே பம்ப் பண்ணும்மான்னு டாக்டரம்மா சொல்லுவாங்க. போட்டோ போன்ல இருக்கு, போன் லாக்கர்ல இருக்கு. சரி, போட்டோ எதுக்கு, பிள்ளையே வெளிய வேப்பமரத்தடியில ஜெயசுதா அக்கா மடியில தூங்குறான். ஆதன். அஞ்சு மாசத்து ஆதன். கண்ணை மூடினாலே தெரியுறான், அந்தக் கன்னத்து மையும், தூக்கத்துல சும்மா சும்மா சப்புற வாயும். ஜெயசுதா அக்கா என் வீட்டுக்காரன் தீனாவோட அண்ணன் பொண்டாட்டி, எனக்கு ஓரகத்தி. அவங்களுக்கும் கைப்பிள்ளை இருக்கு, மகிழ், பத்து மாசம், தவழ்ந்து போய்க் கண்டதையும் வாயில போடுற வயசு. ரெண்டையும் பாத்துக்கிறேன், நீ போயிட்டு வான்னு சொல்லி அனுப்பினாங்க. தீனாவும் அவன் அண்ணன் பெரிய அத்தானும் மேகலாவைக் கூட்டிக்கிட்டுச் சறுக்குல ஏறப் போயாச்சு. மேகலாவுக்காகத்தான் இன்னைக்கு வந்ததே. தம்பி பொறந்ததுல இருந்து என் மூத்தவ எதைக் கேட்டாலும் அப்புறம், அப்புறம். அவளும் வீட்டுக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் அம்மா மிஷின்ல இருக்காங்கன்னு சொல்லப் பழகிட்டா, என்னமோ நான் மில்லுக்கு வேலைக்குப் போற மாதிரி. ஆறு வயசுக் குட்டிக்கு எங்க இருந்து வந்தது இந்தப் பொறுமை? என்கிட்ட இருந்து இல்ல, அது நிச்சயம். இன்னைக்குச் சறுக்கு உச்சியில நின்னு என்னைத் தேடிக் கண்டுபிடிச்சு ரெண்டு கையையும் ஆட்டினா பாருங்க, பயந்து போய் நான்தான் கண்ணை மூடிக்கிட்டேன். திறக்கும்போது கீழ தண்ணிக்குள்ள இருந்து சிரிச்சுக்கிட்டே வர்றா. நல்லா இருடி என் தங்கமே.

அவ பொறந்தப்ப இந்த மிஷினும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. பொறந்த உடனே பிடிச்சா, விடவே மாட்டேன்னா, பால் மறக்கடிக்க வேப்பெண்ணெய் தடவ வேண்டியிருந்தது. ஆதன் கதை வேற. எட்டாம் மாசம் முடியக்கூட அவனுக்குப் பொறுமை இல்ல. கண்ணாடிப் பெட்டிக்குள்ள, மூக்குல டியூப்போட, கோழிக்குஞ்சு மாதிரி கிடந்தான். தொடவே பயம். நர்ஸ் என் கையில மிஷினைக் குடுத்து, இதுதாம்மா இப்போதைக்கு உன் பிள்ளைன்னாங்க. அன்னைக்குப் பிடிச்சது, இன்னும் கீழ வைக்கல. முதல்ல டியூப் வழியா, அப்புறம் பாலாடைச் சங்குல, வாயோரத்துல வச்சு ஒரு சொட்டு, முழுங்கினானான்னு பாத்து இன்னொரு சொட்டு. அப்புறம் பாட்டில். நான் பிழிஞ்சு குடுத்ததைக் குடிச்சுத்தான் அவன் தேறினான், அதுல எனக்குக் கொஞ்சம் திமிர் கூட உண்டு. டிஸ்சார்ஜ் பண்ணும்போது, இனிமே நேரா மார்ல போடுங்கன்னாங்க. போட்டேன். முதுகை விறைச்சுக்கிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு, மூச்சு அடங்குற மாதிரி ஒரு அழுகை. இன்னொரு நாள் போட்டேன். அதே அழுகை. வச்சுப் பாரு, வச்சுப் பாருன்னு ஊர்ல உள்ள அத்தனை பேரும் சொல்லியாச்சு. வைக்காமலா இருக்கேன்? படுத்துக்கிட்டு வை, இடது பக்கம் வை, தூக்கக் கலக்கத்துல வை. பால்காரர் ஒருத்தர்தான் யோசனை சொல்லல, அவரும் சொல்லியிருப்பாரு, கூச்சம். அழுதாக் கூடத் தாங்கிக்கலாம். என் வாடை பட்டதும் அந்த முகம் திரும்புது பாருங்க, அதைத் தாங்க முடியல. ஒரு மாசமா நான் வச்சுப் பாக்கிறதையே விட்டுட்டேன். இப்ப பாலும் குறையுது. நேத்து வந்த அளவு இன்னைக்கு இல்ல, இன்னைக்கு அளவு நாளைக்கு இருக்காது, அது எனக்கே தெரியுது. மொத்தமா வத்துறதுக்குள்ள ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவன் என்கிட்ட வாய் வச்சுக் குடிச்சிரணும். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. சாமிகிட்டக் கூட வேற மாதிரித்தான் கேப்பேன், பிள்ளை நல்லா இருக்கணும்னு. பிள்ளை நல்லாத்தான் இருக்கான், அப்புறம் உனக்கு என்னடி குறைன்னு கேட்டா என்ன பதில் சொல்றது?

குறைன்னு வாயைத் திறக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? எங்க வீட்டு இட்லிச் சட்டியில இட்லி வெந்து அஞ்சு மாசம் ஆச்சு. தீனா அதுல இந்த மிஷினோட குழாய், மூடி, பாட்டில் எல்லாத்தையும் போட்டு ஆவி காட்டுவான். குழியில ஒண்ணொண்ணா அடுக்கி வைப்பான், மாவு ஊத்துற பக்குவத்தோட. வெந்துருச்சா பாருடான்னு நான் கிண்டல் பண்ணா, சட்னி அரைச்சிடுன்னு பதில் வரும். வெளி ஆளுங்க முன்னாடி நான் அவனை என்னங்கன்னு கூப்பிடுவேன், வீட்டுக்குள்ள டேய்தான். இந்த அஞ்சு மாசத்துல எத்தனையோ தடவை, டேய், நான் ஒரு நல்ல அம்மாவாடான்னு கேட்டிருக்கேன். ஒரு தடவை கூடச் சலிச்சுக்கல. ஆமாண்டி, இப்ப தூங்குன்னு சொல்லுவான். ஜெயசுதா அக்காவும் ஒண்ணும் குறை வைக்கல. வாய்தான் வாய். ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுக்கிட்டு வாட்ச்மேனையே மிரட்டினவங்க, பிள்ளை பெத்தவளுக்குச் சோறு கொண்டு போறேன், நேரம் காலம்னு சட்டம் பேசாதேன்னு. பூண்டுக் குழம்பும் சுறாப் புட்டும் கட்டிக் கொண்டு வந்து, நான் முழுங்குற வரைக்கும் எதிர்ல உக்காந்திருப்பாங்க. அப்ப அவங்க மகிழும் கைக்குழந்தைதான். நான் மிஷினோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கும்போது பக்கத்துல உக்காந்து சாவகாசமா அவளுக்குப் பால் குடுப்பாங்க, குடுத்துக்கிட்டே தீனாவோட அண்ணனைத் திட்டுவாங்க. நான் அந்தப் பக்கம் பாக்க மாட்டேன். பாத்தா பிள்ளைக்குக் கண்ணு பட்டுரும்னு இல்ல. பாத்தா எனக்கு ஆகாது.

வராது, வராது. இந்தப் பக்கம் மாத்திப் போடலாம். கல்லு மாதிரி கட்டிக்கிட்டு இருக்கு, ஆனா இறங்க மாட்டேங்குது. யாரோ கதவைத் தள்ளுறாங்க. "ஆள் இருக்கு, ஆள் இருக்கு!" "அக்கா, ரெண்டு டயரு வேணும்க்கா." "அப்புறம் வாங்க தம்பி, உள்ள பால் குடுக்கிறேன்." பொய். யாருக்குக் குடுக்கிறேன், இந்தப் பாட்டிலுக்கா? போனாவது இருந்தா அவன் அழுற வீடியோவை ஓட விடுவேன், அதுக்குச் சில நேரம் இறங்கும். போன் லாக்கர்ல. லாக்கர் சாவி ரப்பர் பட்டையில கோத்து தீனா மணிக்கட்டுல. தண்ணியில விழுந்தாலும் போகாது பாரு, என்ன யோசனைன்னு பெருமையா மாட்டிக்கிட்டான். லாக்கர்ல சாமான் அடுக்குறதுன்னா அவனுக்கு லட்டு சாப்பிடுற மாதிரி. மாத்துத் துணி, செருப்பு, போன், பர்ஸ். மிஷின் பை மட்டும் வேணும்னு நான் பிடுங்கி வச்சுக்கிட்டேன். அப்புறம் ஐஸ் பை. ஐஸ் பையில காலையில நான் எடுத்து வச்ச பால். கேட்ல பை சோதிக்கிற அம்மா, வெளிச் சாப்பாடு கூடாதுன்னு அதைத் திறந்து, இது என்ன மோரான்னு கேட்டாங்க. தாய்ப்பால்னு சொன்னதும் சட்டுனு மூடி, மேல என் டவலைச் சுத்தி, வெயில் படாமக் கொண்டு போம்மான்னு கையில குடுத்தாங்க. முகம் கூடச் சரியாப் பாக்கல நான், நல்லா இருக்கணும் அவங்க. அந்தப் பையை நான் ஜெயசுதா அக்காகிட்டக் குடுத்தேன்ல? குடுத்தேனா? தீனா சொன்னான், வெயில்ல ஏன் வச்சிருக்க, உள்ள நிழலா இருக்கும், குளு குளுன்னு இருக்கும். ஆமா. அவனே வாங்கினான். அதுக்கு மேல டவலை மடிச்சு வச்சான். பூட்டினான். ஐயையோ. அடப் பாவி மனுஷா. பால் லாக்கர்ல, சாவி உன் கையில, நீ எந்தச் சறுக்கு உச்சியில நிக்கிறியோ. பிள்ளை முழிக்கிற நேரம் தாண்டிருச்சு. முழிச்சிருப்பான். பசிச்சிருக்கும். அக்கா பையைத் தேடியிருப்பாங்க. அப்ப அந்த அழுகைச் சத்தம், முதல்ல ஒரு தடவை, அப்புறம் ஒரு தடவை கேட்டுச்சே, அது அவனேதான். நிஜமாவே அவன்தான். இப்ப ஏன் கேக்கல?

மிஷினைப் பிடுங்கி அப்படியே பைக்குள்ள திணிச்சேன், பட்டன் போட்டேனா இல்லையான்னு கூடத் தெரியல, துப்பட்டாவை முன்னால இழுத்து விட்டுக்கிட்டு ஓடுறேன். தரை எல்லாம் ஈரம். வழுக்கி விழுந்தா அதோட சரி. நைலான் சட்டை போட்ட பொம்பளைங்க, தலை துவட்டுற பிள்ளைங்க, பாப்கார்ன் வண்டி, எல்லாரும் என் வழியிலதான் நிப்பாங்களா? அழுகை நின்னா நல்லதுதானே. தூங்கியிருப்பான். அழுது அழுது களைச்சுத் தூங்கியிருப்பான். இல்ல மூச்சு அடங்கி... சீ, வாயைக் கழுவுடி. ஆஸ்பத்திரியில அந்தப் பெட்டி பக்கத்துல ஒரு மணி அடிக்கும், அவன் மூச்சு விட மறந்தா. நர்ஸ் வந்து உள்ளங்கால்ல ஒரு சுண்டு சுண்டுவாங்க, மறுபடி விடுவான். இங்க மணியும் இல்ல, ஒண்ணும் இல்ல, சினிமாப் பாட்டுதான் போட்டுக்கிட்டு இருக்காங்க. வேப்பமரம் தெரியுது. அக்கா தெரியுறாங்க, மரத்துல சாஞ்சு, காலை நீட்டி, பாயில உக்காந்திருக்காங்க. மகிழ் ஒரு பக்கம் பாயைப் பிச்சுக்கிட்டு இருக்கா. ஆதன் எங்க? அக்கா தோள்ல சிவப்புத் துண்டு. துண்டுக்குக் கீழ ரெண்டு குட்டிக் காலு. அந்தக் கால் என் பிள்ளை கால். கிட்டப் போய்த்தான் புரிஞ்சுது. அவன் குடிக்கிறான். அக்காகிட்ட. மார்ல.

கால் ரெண்டும் அப்படியே நின்னு போச்சு. அக்கா நிமிந்து பாத்தாங்க, அந்த வாய்க்காரி முகத்துல முதல் தடவையா ஒரு பயம் பாத்தேன். "ஏட்டி கோமு, நீ ஒண்ணும் நினைச்சுக்கிடாத. பையைத் தேடுனேன், காணல. பிள்ளை நீலம் பாரிச்சுப் போற அளவுக்குக் கத்துனான். மடியில போட்டுத் தட்டிக்கிட்டுத்தான் இருந்தேன், அவனே முட்டி முட்டித் தேடுனான். என்ன செய்ய? குடுத்துட்டேன்." வயிறு எரிஞ்சுது, நிஜமா எரிஞ்சுது. அஞ்சு மாசம் நான் அந்த மிஷினைக் கட்டிக்கிட்டு அழுதேன், இவங்க ஒரு நாள் பொழுதுல, மரத்தடியில உக்காந்து... என்னைப் பாத்தா திரும்புற முகம் அங்க ஒட்டிக்கிட்டு இருக்கு. அப்ப பிள்ளை மேல குறை இல்ல, குறை என்கிட்டத்தான். என் வாடைதான் பிடிக்கல அவனுக்கு. பறிச்சுக்கிட்டுப் போயிரலாமான்னு இருந்துச்சு. மண்டி போட்டு உக்காந்து துண்டை லேசா விலக்கினேன். கன்னம் உள்ள போகுது, வெளிய வருது. தொண்டையில ஒரு சின்ன ஏற்ற இறக்கம். கிளக்குனு ஒரு சத்தம், அப்புறம் ஒரு மூச்சு, மறுபடி கிளக். மூச்சையும் முழுங்குறதையும் சேத்துச் செய்யத் தெரியாத பிள்ளைன்னு சொன்னாங்களே, அதுக்காகத்தானே டியூப் போட்டாங்க. ரெண்டையும் செய்றான். எவ்வளவு அழகாச் செய்றான். எரிச்சல் எங்க போச்சுன்னே தெரியல, எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா முட்டிக்கிட்டு வந்துச்சு. "அக்கா, இவனுக்குக் குடிக்கத் தெரியுதுக்கா." "தெரியாம பின்ன? நம்ம வீட்டுப் பிள்ளைலா." "ரொம்ப நன்றிக்கா." "எனக்கே நன்றி சொல்லுதா பாரு, லூசு!" அவங்க கண்ணும் கலங்கித்தான் இருந்துச்சு.

அப்பத்தான் மகிழ் நிமிந்து பாத்தா. அவ இடத்துல வேற ஒருத்தன் இருக்கிறது அப்பத்தான் அம்மணிக்குத் தெரிஞ்சுது போல. பாயை விட்டுட்டு விறுவிறுன்னு தவழ்ந்து வந்து, அம்மா மடியில இடம் இல்லன்னு தெரிஞ்சதும் உதட்டைப் பிதுக்கி, அப்படியே ஒரு ஓலம். ஐஸ்கிரீம் கடையில நின்னவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. "கோமு, அவளைத் தூக்கு. அவ பங்கைத்தான் இவன் குடிச்சிக்கிட்டு இருக்கான். நீ குடு அவளுக்கு." "நானாக்கா?" "நீ குடுக்காம, அந்த ஐஸ்கிரீம்காரனா குடுப்பான்? வச்சுக்கிட்டு என்னட்டி முழிக்க?" "எனக்கு வரலக்கா. இவ்வளவு நேரம் உக்காந்து பாட்டில் கூட நனையல." "மிஷினுக்கு வரலன்னு சொல்லு. பிள்ளைக்கு வருதான்னு பாரு." வைக்கப் பயமா இருந்துச்சு. இவளும் முகத்தைத் திருப்பினா? அந்த யோசனை முடியல, மகிழ் காத்திருக்கிற ஜாதி இல்ல, என் துப்பட்டாவுக்குள்ள தலையை விட்டு அவளே கண்டுபிடிச்சு, அவளே பிடிச்சுக்கிட்டா. அம்மாடி. பல்லு வேற ரெண்டு முளைச்சிருக்கு. என்ன ஒரு இழுவை. ஒரு கையால என் தாலிச் செயினைப் பிடிச்சுக்கிட்டு, என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே, சித்தி, நல்லாத்தான் இருக்குங்கிற மாதிரி. முதல்ல ஒண்ணும் இல்ல. அப்புறம் தோள்ல இருந்து ஒரு குறுகுறுப்பு, எறும்பு ஊருற மாதிரி கீழ இறங்கி, சுள்ளுனு ஒரு குத்து, உள்ள கல்லாக் கிடந்தது எல்லாம் அவிழ்ந்து விட்ட மாதிரி. மகிழுக்குப் புரையேறிருச்சு. இருமினா, சிரிச்சா, மறுபடி பிடிச்சா.

இந்தப் பக்கமும் தானா ஊத்த ஆரம்பிச்சிருச்சு. சுடிதார் நனைஞ்சு மடி வரைக்கும் வந்தாச்சு, நான் உள்ளங்கையால அழுத்திப் பிடிக்கிறேன், நிக்கல. அக்கா அதைப் பாத்துட்டாங்க. "இறங்கிருச்சுலா! ஏட்டி, வீணாப் போகுது பாரு, கையை எடு. இந்தா பிடி உன் பிள்ளையை." "வேண்டாம்க்கா. நிம்மதியாக் குடிச்சிக்கிட்டு இருக்கான். நான் வச்சா அழுவான்." "எங்கிட்ட ரெண்டு பக்கமும் காலி. இனிமே அழத்தான் போறான். உங்கிட்ட வந்து அழட்டும்." சுண்டு விரலை அவன் வாயோரத்துல விட்டு லேசா எடுத்தாங்க, அவன் அதிர்ச்சியில ஒரு வினாடி சும்மா இருந்துட்டு, சிணுங்க ஆரம்பிச்சான். அக்கா முட்டி போட்டே நகர்ந்து வந்து மகிழுக்கு எதிர்ப் பக்கம் அவனைச் சாய்ச்சு வச்சாங்க. சிவப்புத் துண்டை எடுத்து ரெண்டு பிள்ளைக்கும் சேத்து என் தோள்ல போட்டாங்க. அவன் உதட்டுல பால் தானாச் சொட்டுது. நாக்கை நீட்டி நக்கினான். தலையை அந்தப் பக்கம் திருப்பினான். திரும்பி வந்தான். வாயைத் திறந்தான், பெருசா, கொட்டாவி விடுற மாதிரி. பிடிச்சான். ஒரு இழுப்பு. ரெண்டு. கிளக்குனு அந்தச் சத்தம் என் உடம்புக்குள்ளேயே கேக்குது.

நான் மூச்சு விடல. மாதா, முருகா, யாராவது, இப்படியே இருக்கட்டும். தூரத்துல தீனா சொட்டச் சொட்ட ஓடி வர்றது தெரியுது, கையில ஐஸ் பை, அவனுக்கும் இப்பத்தான் ஞாபகம் வந்திருக்கு, பின்னால மேகலா, அவளுக்குப் பின்னால பெரிய அத்தான். அக்கா கையை உயர்த்தி, அங்கேயே நில்லுங்கன்னு சைகை காட்டினாங்க. நின்னுட்டாங்க மூணு பேரும், வெயில்ல. ஆதன் விட்டுட்டான். வாயை எடுத்துட்டான். அவ்வளவுதானா? சரி, போதும், இவ்வளவு குடுத்ததே போதும், நான் ஒரு தடவைதானே கேட்டேன். அவன் தலையைப் பின்னால சாய்ச்சு என் மூஞ்சியைப் பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான், யாரு இவள்னு பாக்கிற மாதிரி. நான் கையைக் கூட அசைக்கல. அக்காவும் அசையல. அப்புறம் அவனே, கன்னத்தை என் மேல உரசிக்கிட்டே, தேடிக்கிட்டே, மறுபடி வந்து வாய் வச்சான்.

"அக்கா," அவன் விட்டுரக் கூடாதேன்னு மெல்லத்தான் சொன்னேன், "அவனா வந்தான்க்கா."